அப்பாவின் காதுக்கு ஒரு பழைய மெஷின்

1

இன்று இந்த நாட்டு ராஜாவுக்குப் பிறந்தநாள். நெதர்லாந்துக்காரர்கள் அதைக் கொண்டாடும் விதத்தைச் சொன்னால் நம்மூரில் நம்ப மாட்டார்கள். வீட்டில் கிடக்கும் பழைய சாமான்களையெல்லாம் தூக்கிவந்து தெருவில் துணி விரித்துப் பரப்பி விற்பார்கள். டாக்டர், வக்கீல் என்றெல்லாம் பார்க்காமல் எல்லோரும் ஆரஞ்சு நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பிடி உடைந்த வாணலியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இங்கே வந்த நாளிலிருந்து நான் தவறாமல் போகும் திருவிழா இது ஒன்றுதான். இந்த வருடம் போகவில்லை. சன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

காரணம், போன வருடம் இதே நாளில் நான் வாங்கிவந்த ஒரு பொருள். காது கேட்கும் மெஷின், ஒரு ஜோடி, ஏற்கெனவே ஒருவர் போட்டுக்கொண்டிருந்தது. அதை எப்படி வேலை செய்ய வைத்தேன், எந்த இணையதளத்தில் படித்தேன், ஊருக்குக் கொண்டுபோய் அப்பாவின் காதில் எப்படி மாட்டினேன் என்றெல்லாம் இதே பக்கத்தில் பெருமையாக எழுதியிருந்தேன். படித்தவர்கள் பாராட்டினார்கள். பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றுகூட ஒருவர் எழுதினார். போன வாரம் சேத்தியாத்தோப்பிலிருந்து ஓர் அன்பர், அந்தத் தளத்தின் முகவரியைக் கொடுங்கள், என் மாமனாருக்கும் செய்து பார்க்கிறேன் என்று கேட்டிருக்கிறார்.

அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால், அந்தக் கட்டுரைக்குப் பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

2

எனக்குப் பழைய மின்சாமான் பைத்தியம் உண்டு. எங்கள் வீட்டில் புதிதாக வாங்கியது என்று அடித்துச் சொல்லக்கூடியது அரிசி பருப்பு மட்டும்தான் என்பாள் என் மனைவி. பிரிண்டர், மானிட்டர், மகள் படிக்கும் லேப்டாப் எல்லாமே யாரோ கழித்துவிட்டவை. குப்பைக்குப் போக இருந்த ஒன்றை மேசைமேல் வைத்து, நாலு இடம் தேடிப் படித்து, ஒரு திருகாணியைக் கழற்றி, அது மறுபடி விளக்கு எரிந்து உயிர் பெறும்போது கிடைக்கும் சந்தோஷம் அலாதியானது. அலுவலகத்தில் எனக்கு அந்தச் சந்தோஷம் கிடைப்பதில்லை.

இதனால் குடும்பத்தில் எனக்கு ஒரு பட்டம் வந்துவிட்டது. எதற்கு எந்த வெப்சைட் என்று கேட்க வேண்டுமானால் என்னைத்தான் கேட்பார்கள். அப்பாவின் பென்ஷனுக்கு ஆள் உயிரோடு இருப்பதை நிரூபிக்கும் வேலையைக்கூட நான்தான் இங்கிருந்து செய்து கொடுக்கிறேன். போனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்ட வேண்டும். அப்பா சிமிட்ட மாட்டார், முறைப்பார். நான் இங்கிருந்து கத்துவேன், அம்மா அங்கே அவர் தோளைத் தட்டுவாள். கடைசியில் அவர் கோபத்தில் கண்ணை மூடும் நேரத்தில் மெஷின் அவர் உயிரோடு இருப்பதாக ஒத்துக்கொள்ளும்.

3

அப்பாவுக்குக் காது கேட்காது என்பது எங்களுக்கு ஒரு செய்தியே இல்லை. எங்கள் பூர்வீகம் முத்தாண்டிக்குப்பம். சொந்த நிலம் கிடையாது. அடுத்தவர் முந்திரித் தோப்பில் கூலிக்குப் போன குடும்பம். அப்பாதான் முதலில் நிலக்கரி மைன்ஸுக்குள் போனவர். கான்ட்ராக்டில் நுழைந்து பல வருடம் கழித்துப் பர்மனென்ட் ஆனார். மண்ணையும் கரியையும் சுமந்துகொண்டு ஓடும் கன்வேயர் பெல்ட்டை இழுக்கிற மோட்டார்கள் இருக்கும் இடத்தில் அவருக்கு வேலை. பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது, கை ஜாடைதான். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அவர் காதில் பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும்.

அதனால் எங்கள் குவார்ட்டர்ஸில் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். உப்பு இல்லை என்பதைக்கூடக் கத்திச் சொல்லுவோம். பிளாக் முழுக்க எங்கள் வீட்டு ரகசியம் தெரியும். என் தங்கை சுமதியைப் பெண் பார்க்க வந்தவர்கள், இந்த வீட்டில் தினமும் சண்டையா என்று பக்கத்து வீட்டில் விசாரித்திருக்கிறார்கள்.

ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொடுத்துவிட்டு அப்பாவும் அம்மாவும் மந்தாரக்குப்பத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கத்துவதற்குப் பிள்ளைகளும் இல்லை. சுமதி வடலூரில், நான் இங்கே. அப்பா டீக்கடையில் எல்லோரும் சிரிக்கும்போது தானும் சிரித்துவிட்டு, என்ன விஷயம் என்று அம்மாவிடம் வந்து கேட்பாராம். அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

அவரை இங்கே அழைத்துவந்து காதைக் காட்டலாம் என்று ஒரு முறை முயன்றேன். அதற்கான பத்திரத்தில் நகராட்சியில் முத்திரை வாங்க வேண்டும். டச்சு மொழியில் செவிடு என்பதற்கும் செத்துப்போனவர் என்பதற்கும் கடைசி எழுத்துதான் வித்தியாசம். கவுண்ட்டரில் இருந்த பெண்ணிடம் என் அப்பா செத்துப்போனவர், அவரை மூன்று மாதம் இங்கே அழைத்துவந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவள் முதலில் அனுதாபம் சொன்னாள், பிறகு மேலதிகாரியைக் கூப்பிட்டாள். இவ்வளவு அவமானப்பட்டு முத்திரை வாங்கிய பிறகு அப்பா, அந்தக் குளிரெல்லாம் தனக்கு ஆகாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

4

போன வருடம் ராஜா பிறந்தநாளில் எங்கள் தெருக்கோடியில் மார்த்தா என்ற வயதான அம்மாள் கடை விரித்திருந்தார். கணவர் இறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அவருடைய தொப்பி, சுருட்டுப் பெட்டி, மூக்குக்கண்ணாடி ஆகியவற்றுக்கு நடுவில் ஒரு சிறிய டப்பாவில் அந்த ஜோடி மெஷின் இருந்தது. நல்ல தரமான பொருள். பார்த்தவுடன் எனக்குக் கை பரபரத்தது. யாருக்கு என்று மார்த்தா கேட்டார். அப்பாவுக்கு என்றேன். அவர் காதைப் பரிசோதித்த பிறகுதான் இதைப் பொருத்த வேண்டும், தெரியுமா என்றார். எல்லாம் நானே பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டு அவரிடம் பேரம் பேசினேன். செத்துப்போன கணவரின் பொருளுக்குப் பேரம் பேசுகிறவனை அவர் அன்று எப்படிப் பார்த்தார் என்பது இப்போதுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

பணம் இல்லாமல் நான் பேரம் பேசவில்லை, புதிது வாங்க வசதி இல்லாமலும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் சமையலறையை இடித்துக் கட்டினோம்.

அதன் பிறகு ஒரு மாதம் வேட்டை. தேடினால் முதலில் வருபவையெல்லாம் எதையாவது விற்கும் தளங்கள். அடுத்து வீடியோக்கள். முகம் தெரியாத இரண்டு கைகள் எதையோ கழற்றும், முக்கியமான இடத்தில் கை மறைத்துக்கொள்ளும். கடைசியில் ஒரு நல்ல தளம் கிடைத்தது. படமில்லை, விளம்பரமில்லை, வெள்ளைத் தாளில் நீல எழுத்து. பல நாட்டு ஆட்கள் ஒருவருக்கொருவர் பொறுமையாகப் பதில் எழுதியிருந்தார்கள். எந்த கேபிள் வேண்டும், எந்த மென்பொருள், எந்த இடத்தில் என்ன எண்ணை மாற்ற வேண்டும் என்பதெல்லாம் சுத்தமாக இருந்தது. முதல் பக்கத்திலேயே சிவப்பு எழுத்தில், நேரில் முறையான பரிசோதனை செய்துகொள்ளாமல் ஆரம்பிக்காதீர்கள் என்று போட்டிருந்தது. அதைத் தாண்டித்தான் நான் உள்ளே போனேன். தளத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதை சேத்தியாத்தோப்பு அன்பருக்காக இங்கே சொல்லிவைக்கிறேன்.

பரிசோதனைக்கு நான் கண்டுபிடித்த குறுக்குவழி இன்னொரு தளம். ஹெட்போனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அது உயர்ந்தும் தாழ்ந்தும் மெல்லிய ஓசைகளை எழுப்பும். ஓசை கேட்கும்போது கை தூக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் திரையைத் தட்டி அதைப் பதிய வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அம்மாவின் டேப்லெட் முன்னால் உட்கார வைத்தேன். இங்கிருந்து இன்னொரு போனில் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, முழங்கையை மடக்கி, பள்ளிக்கூடப் பையன்போல ஒவ்வொரு ஓசைக்கும் சரியாகக் கை தூக்கினார். ஒன்றைக்கூட விடவில்லை. நாம் நினைத்த அளவுக்குக் காது கெடவில்லை, சத்தத்தை லேசாகத் தூக்கிக் கொடுத்தால் போதும் என்று மனைவியிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அந்தக் கணக்கின்படியே மெஷினை அமைத்தேன்.

ஜூலையில் ஊருக்குப் போய் நானே மாட்டிவிட்டேன். கேக்குதாப்பா என்றேன். அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஜோரா கேக்குது என்றார். அந்தப் படம்தான் கட்டுரையோடு வந்தது.

5

கார்த்திகை மாதம் ஒரு நாள் சுமதி கூப்பிட்டாள். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள், மணிக்கட்டில் விரிசல், கட்டுப் போட்டிருக்கிறது, உயிருக்கு ஒன்றுமில்லை என்றாள். விழுந்த இடத்திலிருந்து அம்மா வெகுநேரம் கூப்பிட்டிருக்கிறாள். அப்பா முன்னறையில்தான் இருந்தார். பால்காரர் வந்து கதவைத் தட்டி, உள்ளே நுழைந்து, அவர்தான் அப்பாவைக் குலுக்கியிருக்கிறார். தூங்கிவிட்டேன் என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். தெருவில் அவரைக் கொஞ்சம் பேசவும் செய்தார்கள். பெண்டாட்டி கத்தியதுகூடத் தெரியாமல் அப்படி என்ன தூக்கம் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தாராம்.

நானும் போனில் அவரைக் கடிந்துகொண்டேன். மெஷின் போட்டிருந்தும் இப்படியா என்றேன்.

இரண்டு நாள் கழித்து சுமதி மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை குரலே வேறு. அவளுக்குச் சந்தேகம் வந்து, அந்த மெஷினைத் தன் காதில் மாட்டிப் பார்த்திருக்கிறாள். மாட்டாமல் கேட்பதைவிடச் சத்தம் குறைவாக இருந்திருக்கிறது. பஞ்சு வைத்து அடைத்த மாதிரி இருக்கிறது என்றாள். பிறகு அதே தளத்தைத் திறந்து, அப்பாவை உட்கார வைத்து, டேப்லெட்டின் திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஓசைகளை ஓட விட்டிருக்கிறாள். அப்பா ஒரு முறைகூடக் கை தூக்கவில்லை.

"அந்த ஸ்கிரீன்ல ஒரு வட்டம் வரும்ல அண்ணே, சத்தம் வரும்போது லேசா பெரிசாவும். அத்தப் பாத்துக்கினு கை தூக்கியிருக்காரு. மைன்ஸ்ல மெடிக்கல் கதை சொல்லுவாரே, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. எப்படி மறப்பது? சாப்பிடும்போது அவர் அடிக்கடி நடித்துக் காட்டிய கதை அது. பெல்ட்டில் வேலை செய்பவர்களுக்கு அவ்வப்போது காது பரிசோதனை உண்டு. அதில் தேறாவிட்டால் பெல்ட்டிலிருந்து எடுத்து வேறெங்காவது உட்கார வைத்துவிடுவார்கள் என்ற பயம் அப்பாவுக்கு. ஓசை எழுப்பப் பொத்தானை அழுத்துகிறவரின் தோள்பட்டை லேசாக அசையும். அப்பா அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருந்து ஒவ்வொரு அசைவுக்கும் கை தூக்கிப் பாஸாகிவிடுவார். இரண்டு எவர்சில்வர் டம்ளரைக் காதில் கவிழ்த்துக்கொண்டு, கண்ணை மட்டும் ஓரமாக உருட்டி அவர் அதை நடிக்கும்போது எங்களுக்குச் சாதம் புரையேறும். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த நான், அதே மனிதர் அதே மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து கை தூக்குவதைத் திரையில் பார்த்து, காது நன்றாக இருக்கிறது என்று குதித்திருக்கிறேன்.

ஏம்ப்பா இப்படிச் செய்தீர்கள் என்று சுமதி கேட்டதற்கு அவர் சொன்ன பதிலையும் அவள் அப்படியே சொன்னாள். "அவன் அம்மாந்தூரத்துல உக்காந்துகினு மெனக்கெடறான். பெயிலாயிட்டா அவன் மனசு கஷ்டப்படும்ல."

அரைகுறையாக இருந்த காதையும் நான் அடைத்துவைத்திருந்தேன். அதை மாட்டிக்கொண்டு அவர் மழையிலும் வெயிலிலும் நடந்து, சாலையைக் கடந்து, பிள்ளை கொண்டுவந்து கொடுத்தது என்று டீக்கடையில் காட்டியிருக்கிறார். அம்மா விழுந்த அன்று உண்மையைச் சொன்னால் பழி என் மேல் விழும் என்றுதான் தூங்கிவிட்டேன் என்று சொன்னார். இதெல்லாம் தெரிந்த பிறகு தெருவில் மார்த்தாவைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன்.

6

சுமதி அப்பாவைப் புதுச்சேரிக்கு அழைத்துக்கொண்டு போனாள். சத்தம் போகாத அறையில், திரையும் இல்லாமல் தோளும் தெரியாமல், அவருக்குப் பின்னால் உட்கார்ந்து பரிசோதித்தார்களாம். பொங்கலுக்கு முன்னால் புது மெஷின் வந்துவிட்டது. பணம் நான்தான் அனுப்பினேன். இதை ஒரு பெருமையாகச் சொல்லவில்லை, முதலிலேயே செய்திருக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அதற்கடுத்த வாரங்களில் அப்பா சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். என் செருப்பு இவ்ளோ சத்தம் போடுமா என்று கேட்டார். பின்வீட்டுக் குக்கரின் விசிலை எண்ணி அம்மாவிடம் சொன்னார். எங்கிருந்தோ வரும் பல்லியின் சத்தத்துக்கு எழுந்துபோய் அதைத் தேடினார். டீக்கடையில் சிரித்துவிட்டு நேராகத் தன் வேலையைப் பார்க்கப் போனார். அம்மா மட்டும், இனிமேல் நான் மெதுவாக முணுமுணுக்கக்கூட முடியாது போலிருக்கிறது என்று சலித்துக்கொண்டாள். அந்தச் சலிப்பிலும் சந்தோஷம் இருந்தது.

நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். தப்பைச் சரி செய்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. காது கேட்காதவர் முன்னால் அவரைப் பற்றியே பேசிப் பழகியவர்கள் நாங்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார், நாங்கள் எங்களுக்குள் வேறு பேசிக்கொண்டிருப்போம். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலிலும் அதுதான் நடக்கும். என் மகள் வந்து, ஹாய் தாத்தா என்று கையாட்டிவிட்டு டச்சில் ஏதோ பாடிக்கொண்டே போய்விடுவாள். நான் திரையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வேறு வேலை பார்ப்பேன்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிறு. அப்பா பழைய ஷிப்டில் நடந்த ஏதோ ஒரு பெல்ட் கிழிசலைப் பற்றி ஆரம்பித்திருந்தார். சமையலறையிலிருந்து மனைவி, இன்னும் முடியலையா என்று கேட்டாள். நான் சிரித்த முகத்தைத் திரையிலேயே வைத்துக்கொண்டு, உதட்டை அதிகம் அசைக்காமல் அவளுக்குப் பதில் சொன்னேன். "ஆரம்பிச்சிட்டாரு. இன்னிக்குக் கன்வேயர் புராணம். விட மாட்டாரு, நீ சாப்பிடு."

அப்பா பேச்சை நிறுத்தினார். ஏதோ நெட் நின்றுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் அப்படியே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சரிப்பா, உனக்கு வேலை இருக்கும், வச்சிடறேன் என்றார். கோபம் ஒன்றும் தெரியவில்லை. வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

மறுபடி கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் காதில் சரியாக விழுந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

7

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் அப்பா பழையபடியே பேசினார். பழையபடியே நான் கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில்களும் வர ஆரம்பித்தன. மழை பெய்ததா என்றால் சாப்பிட்டேன் என்றார். மெஷினில் கோளாறு என்று எனக்குத் தோன்றியது. பேட்டரி மாற்றச் சொல்ல வேண்டும், இதற்கு எந்தத் தளத்தில் பார்க்கலாம் என்றுகூட யோசித்துவிட்டேன். புத்தி அவ்வளவுதான்.

அவர் கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் மழுப்பினாள். கை வலி குறைந்துவிட்டது என்றாள், சுமதி மகன் வந்துபோனதைச் சொன்னாள். நான் விடவில்லை.

"மெசினு நல்லாத்தாம்பா இருக்குது. நாள் பூரா காதுலதான் போட்டுக்கினு இருக்காரு. உன் போன் வந்தா மட்டும் கழட்டி டப்பாவுல வச்சிடறாரு."

ஏம்மா என்றேன்.

"நானும் கேட்டேன். அவன் பாட்டுக்குப் பேசட்டும், அவன் வூட்ல அவன் எதுக்குப் பாத்துப் பாத்துப் பேசணும்னாரு."

அம்மாவிடம் என்ன சொல்லி வைத்தேன் என்று நினைவில்லை. குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மகள் கதவைத் தட்டி, அப்பா, என்ன ஆச்சு என்று டச்சில் கேட்டாள். ஒன்றுமில்லை என்று நானும் டச்சில் பதில் சொன்னேன்.

நேற்று முன்தினம் ஞாயிறு. மனைவியையும் மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, எல்லோரும் வாயை மூடிக்கொண்டு, அப்பாவைக் கூப்பிட்டேன். காதில் மெஷின் இல்லை. வெறும் காது. நான் என் காதைத் தொட்டுக் காட்டி, மெஷினைப் போட்டுக்கோங்கப்பா என்று சத்தமாகச் சொன்னேன். அவருக்குப் புரிந்தது. டப்பா கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது, திரையின் ஓரத்தில் எனக்கே தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வாணாம்ப்பா," என்றார். "நீ பேசு."